பனிமனிதன் தோலைத் தொட்டுப் பார்க்கப் போனேன்

திண்டுக்கல்லில் இருந்து ஒருவன் பனிமனிதனைத் தேடிப் போனான் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். முதலில் சிரித்தவள் என் மனைவி.

"ஏங்க, கொரங்கு பாக்கணும்னா சிறுமலைக்கு பஸ் இருக்குல்ல? ஏதாச்சும் ஒரு வளைவுல எறங்கி ஒரு பழத்தக் காட்டுனா அம்புட்டும் வந்து நிக்கும். இதுக்கு எதுக்கு நேபாளம்?"

அவளுக்குப் புரியும்படி சொல்ல எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். நான் முப்பத்தேழு வருடம் தோல் ஷாப்பில் தரம் பார்த்தவன். தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் ஷாப்பு என்போம். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு தோலை என் கையில் கொடுத்தால் வெள்ளாடா செம்மறியா, கிடாயா பெட்டையா என்று சொல்வேன். குஜிலியம்பாறைப் பக்கம் வறண்ட காட்டில் முள்ளில் கீறிக்கொண்டு மேய்ந்ததா, சாணார்பட்டித் தோட்டத்து வேலியோரம் தின்று கொழுத்ததா என்பதையும் சேர்த்துச் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஆசைதான். என் விரலுக்குப் பெயர் தெரியாத ஒரு தோலை, ஒரே ஒரு தோலை, தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இந்தப் பெருமையை ஒருநாள் தாவாவிடம் அளந்துகொண்டிருந்தேன். தாவா நேபாளத்துக்காரன், வயது இருபத்தெட்டு. பேகம்பூர் பக்கம் சாயங்காலம் தள்ளுவண்டி போட்டு மோமோ விற்கிறான். நம் ஆட்கள் அதைக் கொழுக்கட்டை என்று சொல்லித்தான் வாங்குவார்கள். எட்டு வருடத்தில் எங்கள் ஊர்த் தமிழ் அவன் வாயில் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. மோமோவின் மடிப்பு மட்டும் எல்லாரும் மடிப்பதற்கு எதிர்த்திசையில் சாய்ந்திருக்கும். கேட்டதற்கு, "எங்கம்மாவுக்கு எடது கை, பாய். அதப் பாத்துப் படிச்சேன்" என்றான்.

என் பெருமையைக் கேட்டவன் கரண்டியைக் கீழே வைத்தான். "ஒங்களுக்குத் தெரியாத தோலு எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, பாய். யெட்டித் தோலு."

பனிமனிதனுக்கு அவர்கள் ஊரில் யெட்டி என்று பெயர். அன்றுதான் முழுக் கதையும் சொன்னான். அவனுக்கு ஆறு வயதாக இருந்தபோது அவன் அப்பா மேல்மலை மேய்ச்சலில் இருந்த மாடுகளை ஓட்டிவரப் போனார். பனிப்புயல் வந்தது. மனிதர் திரும்பவில்லை. பனி உருகிய பிறகு தேடிப் போன பெரியப்பாவுக்கு ஒரு பாறை இடுக்கில் கிடைத்தது முடியோடு சுருண்டுகிடந்த ஒரு தோல் மட்டும். அது யெட்டியின் தோல், யெட்டிதான் அவரைக் கொண்டுபோய்விட்டது என்று ஊர் முடிவு செய்தது. யெட்டி கொண்டுபோன ஆள் சாவதில்லையாம். சிலரைப் பல வருடம் கழித்துத் திருப்பி விட்டுவிடுமாம். அதனால் அவன் அம்மா இன்னும் இறந்தவருக்கான விளக்கை ஏற்றவில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் தனியாகக் காத்திருக்கிறார்.

"போன பனியில தண்ணி எடுக்கப் போயி வழுக்கி விழுந்து அரை நாளு கெடந்துச்சு, பாய். வா திண்டுக்கல்லுக்குன்னா வர மாட்டேங்குது. அந்தத் தோலு கரடித் தோலுன்னு தெரிஞ்சா அப்பா போய்ட்டாருன்னு மனசு ஆறிரும். அது யெட்டிதான்னு நீங்க சொல்லிட்டா, நான் வண்டிய வித்துட்டு அங்கயே போயிருவேன்."

அவனுக்கு அது கரடியாக இருக்க வேண்டும். எனக்கு அது யெட்டியாக இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே வண்டியில் கிளம்பினோம்.

ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் காமிராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவீர்கள்.

மலைப்பாதையில் முதல் நாள் ஜீப். பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினாறு பேர், நான்கு கோழி, ஒரு தகரக் கதவு. கதவு என் முழங்காலின் மேல்தான் பயணம் செய்தது. சிறுமலை ஏற்றத்தில் பஸ் திரும்பும்போது கண்ணை மூடிக்கொள்ளும் ஆள் நான். இங்கே கண்ணை மூடினால் கதவு விழுந்துவிடும் என்பதால் ஆயிரம் அடிப் பள்ளத்தையும் கண்ணைத் திறந்து பார்த்தபடியே போனேன். பின்னால் இருந்த இரண்டு பேர் என்னைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"என்னப்பா சொல்றாங்க?"

"'இந்த வயசான ஆளு எதுக்கு மேல போறாரு, மூச்சு முட்டியே செத்துருவாரே'ங்கிறாங்க. யெட்டி பாக்கப் போறாருன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"'அப்படின்னாலும் சாவுதான்'ங்கிறாங்க, பாய்."

மதியம் பாறை சரிந்து பாதையை அடைத்திருந்தது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார், ஒரு பீடியைப் பற்றவைத்தார், உட்கார்ந்துவிட்டார். நம் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இவர்கள் உருளைக்கிழங்கு மூட்டையை அவிழ்த்து, சுள்ளி பொறுக்கி, சுடத் தொடங்கிவிட்டார்கள். எனக்கும் இரண்டு கிடைத்தது. உப்பும் இடித்த மிளகாயும் தொட்டுக்கொண்டு தின்றேன். ஹலால் கறி கிடைக்காத அந்தப் பத்து நாளும் என்னைக் காப்பாற்றியது உருளைக்கிழங்கும் முட்டையும்தான். அதற்குமேல் வெஞ்சனம் கேட்டால் அது பேராசை.

இரண்டாம் நாள் ஜீப் போகாத இடத்தில் இருந்து கோவேறு கழுதை. அது என்னை மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. முப்பத்தேழு வருடம் தோலோடு புரண்டவனின் வாசம் அதற்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ. மூன்று முறை ஏறினேன், மூன்று முறையும் உலுக்கி இறக்கியது. "வேணாம் பாய், திரும்பிரலாமா?" என்றான் தாவா. எனக்குக் கோபம் வந்தது. ஒரு கழுதை வேண்டாம் என்றதற்காகத் திரும்பிப் போய் என் மனைவி முகத்தில் விழிக்க முடியுமா? பையைக் கழுதை மேல் ஏற்றிவிட்டு நடந்தேன். நூறு அடி நடப்பது, நிற்பது, மூச்சு வாங்குவது, மறுபடி நூறு அடி. நாங்கள் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள் பிற்பகலில்.

தாவாவின் அம்மா பெயர் பெமா. குட்டையான உருவம், வெயிலில் காய்ந்த முகம், ஒரு காலைச் சற்று இழுத்து நடக்கிறார். மகனைக் கட்டிக்கொண்டு அழுவார் என்று நினைத்தேன். அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை வைத்தார். இரண்டு வருடமாக வராததற்காம். பிறகுதான் அழுதார்.

எனக்கு ஒரு கிண்ணத்தில் டீ வந்தது. உப்பும் வெண்ணெயும் போட்ட டீ. காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கும் கஞ்சியில் டீத்தூளைத் தட்டிவிட்டது மாதிரி இருந்தது. இரண்டு வாய் குடித்து வைத்தேன், உடனே கிண்ணத்தை நிரப்பினார். மூன்றாவது கிண்ணத்தில் பிடித்துவிட்டது.

நானும் வெறுங்கையோடு போகவில்லை. திண்டுக்கல்லில் இருந்து போகிறவன் வேறு எதைக் கொண்டுபோவான்? நல்ல கனமான பித்தளைப் பூட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பெமா அதைக் கையில் எடைபார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கதவப் பாருங்க, பாய்" என்றான் தாவா. கதவில் கொண்டி இருந்தது, பூட்டை மாட்ட நாதாங்கி இல்லை. "அப்பா போனப்ப கழட்டுனது. ராத்திரி வந்தாலும் அவரு தட்டிட்டு நிக்கக் கூடாதாம்."

பூட்டு உப்பு டப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது.

நான்காம் நாள் காலை பெட்டியைத் திறந்தார்கள். பெரியப்பா வந்திருந்தார். எழுபது வயது, தோலைக் கண்டெடுத்தவர், அந்தக் கதைக்கு அவர்தான் காவல். அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். அந்தத் தோலை வேறு யாரும் தொடக் கூடாது, தொட்டால் யெட்டி வாசம் பிடித்து வீடு தேடி வரும் என்பது அங்கே நம்பிக்கை. இருபத்திரண்டு வருடத்தில் அதைத் தொட்டவர் பெமா ஒருவர்தான். நான் தொடுகிறேன் என்றதும் பெரியப்பா எச்சரித்தார். தாவாவின் தமிழில் அது இப்படி வந்தது: "'ஏலே, திண்டுக்கல்லு வரைக்கும் தேடி வந்துரும்'ங்கிறாரு."

"வரட்டும். பிரியாணி வாங்கித் தர்றேன்னு சொல்லு."

அவன் அதை மொழிபெயர்க்கவில்லை.

மஞ்சள் துணிக்குள் இருந்தது அது. இரண்டு கை அகலம் இருக்கலாம். காய்ந்து, ஓரமெல்லாம் உள்பக்கமாகச் சுருண்டு, பொரித்த அப்பளம் மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. மேலே கருஞ்சிவப்பு முடி, விரல் நீளத்துக்கு. விரலை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. முடியின் முரட்டுத்தனம் புதிது, தோலின் இறுக்கம் புதிது. அந்த ஐந்து நிமிடம் என் வாழ்க்கையிலேயே பெரிய சந்தோஷம் என்று சொன்னால் என் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் உண்மை அதுதான்.

ஆனால் காய்ந்த தோலை வைத்துத் தரம் சொல்லக் கூடாது என்பது ஷாப்பில் பாலபாடம். ஊறப்போட வேண்டும். ஊறினால்தான் தோல் விரியும், முடிக்குழி தெரியும். ஒரு நாள் தண்ணீரில் கிடக்கட்டும் என்றேன்.

பெமா தோலைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் கத்தியதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பெட்டியை மூடி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியப்பாகூட அவ்வளவு எதிர்க்கவில்லை.

நான் விடுவதாக இல்லை. அவ்வளவு தூரம் வந்தது சுருண்ட தோலைப் பார்த்துவிட்டுப் போகவா? சாயங்காலம் வரை வெளியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். பெமாவும் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் தாவா அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்து மெதுவாக ஏதோ பேசினான். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன்.

"'எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம்மா. நான் இனிமே போகல, வண்டிய விக்கச் சொல்லிட்டேன், இங்கயே ஒங்கூட இருந்துர்றேன்'னு சொன்னேன், பாய்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"மாவு பெசையப் போயிருச்சு."

அன்று மோமோ. உள்ளே உருளைக்கிழங்கும் காட்டுக்கீரையும். பெமா மடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இடது கைக் கட்டைவிரல் தள்ள, மடிப்பு ஒவ்வொன்றும் எதிர்த்திசையில் சாய்ந்து விழுந்தது. அளந்து வைத்த மாதிரி ஒரே இடைவெளி. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

மறுநாள் காலை கண் விழித்தபோது என் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. பெமா பெட்டியில் இருந்து தோலை எடுத்து, தானே தண்ணீரில் அமிழ்த்தினார். அமிழ்த்திவிட்டு வெளியே போய்விட்டார். நான் அடைந்த சந்தோஷத்தில், ஏன் மனம் மாறினார் என்று யோசிக்கக்கூட இல்லை.

பதம் செய்யாத பச்சைத் தோலாக இருந்தால் ஒரு நாள் ஊறினாலே கொழகொழக்கும், நாறும். இது கொழகொழக்கவில்லை. சாயங்காலம் வாளியில் கைவிட்டுப் பார்த்தபோது துணி மாதிரி விரிந்தது, புகை வாசம் வந்தது. இது மிருகத்தின் உடம்பில் இருந்து கிழிந்த தோல் இல்லை. உரித்து, கொழுப்புத் தேய்த்து, புகை காட்டி, ஒரு மனிதக் கை பதம் செய்த தோல். முடியை விலக்கி மேல்பக்கத்தைத் தடவினேன். முடிக்குழிகள் மூன்று மூன்றாக வரிசைகட்டி நின்றன. ஆடு. மலையாடோ காட்டாடோ, ஆடு. நம் குஜிலியம்பாறை வெள்ளாட்டுக்குத் தூரத்துச் சொந்தம்.

அழுகை வரும் போலிருந்தது. ஆட்டுத் தோலைப் பார்க்க இவ்வளவு தூரமா வந்தேன்? எரிச்சலில் தோலை உதறினேன். அப்போதுதான் விரிந்த ஓரம் விரலில் பட்டது. ஓரம் முழுக்க ஊசித் துளைகள். ஒரே இடைவெளியில், ஒவ்வொன்றும் எதிர்த்திசையில் சாய்ந்து.

மோமோ மடித்த அந்தக் கட்டைவிரல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஆறாம் நாள் காலை முந்திய அதே கூட்டம். பெரியப்பா கேட்டார், தாவா சொன்னான்: "'என்ன மிருகம், சொல்லச் சொல்லு'ங்கிறாரு."

எங்கள் தோல் மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தோலைப் பற்றித் தான் நினைப்பதைக் கூட்டத்தின் நடுவே யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டை விரித்து, அதற்கடியில் தோலுக்கு உடையவரின் கையைப் பிடித்து விரலால் சொல்வார்கள். தோல் யாருடையதோ, சேதி முதலில் அவருக்குத்தான். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும்.

தோளில் இருந்த துண்டை எடுத்து எனக்கும் பெமாவுக்கும் நடுவில் விரித்தேன். தோலை அடியில் வைத்தேன். வேற்றுப் பெண்ணின் கையைத் தொடுவது எனக்கு வழக்கமில்லை. துண்டின் ஓரத்தால் சுற்றித்தான் பெமாவின் விரலைப் பிடித்தேன். பிடித்து முதல் துளையின் மேல் வைத்தேன்.

அவர் திடுக்கிடவில்லை. இரண்டாவது துளைக்கு நான் வழிகாட்ட வேண்டியிருக்கவில்லை. அவருடைய விரல் எனக்கு முன்னே போனது. துண்டுக்கடியில் ஒன்றும் தெரியாது, ஆனாலும் ஒவ்வொரு துளையாக, தப்பாமல், வரிசை எங்கே வளைகிறதோ அங்கே வளைந்து, நூலை முடிந்த மூலையில் போய் நின்றது. அங்கேயே அழுத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

அவருக்குத் தோல் கிடைத்த நாளிலிருந்தே தெரியும்.

ஆட்டைக் கரடி என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. ஆனால் இந்த அம்மா வாய் திறக்காத ஒன்றை நான் எப்படிச் சொல்வது? பெரியப்பா மறுபடி கேட்டார். "தாவா, தோல் அம்மாவோடது. அவங்க சொல்லட்டும்ப்பா" என்றேன்.

பெமா துண்டைத் தானே இழுத்துப் போட்டார். தோலை மடியில் விரித்துவைத்து, மகனைப் பார்த்து மூன்றே சொல் சொன்னார்.

தாவா பழக்கத்தில் என் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தான். "'இது நான் தச்சது'ங்குது, பாய்." சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்குப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டான்.

அதன் பிறகு அவர் நிறுத்தாமல் பேசினார். விட்டுவிட்டு வந்த தாவாவின் தமிழில் நான் கேட்டது இதுதான். மேல்மலைக்குப் போவதற்கு முந்தின நாள், நெஞ்சுக்குக் குளிரக் கூடாதென்று கணவரின் மேலங்கிக்கு உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்த தோல் அது. விடியுமுன் அவர் போட்டுக்கொண்டு போய்விட்டார். வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை. அடுத்த வசந்தத்தில் பெரியப்பா அதைக் கம்பு நுனியில் தூக்கிக்கொண்டு யெட்டித் தோல் என்று கத்தியபடி வந்தபோது, தையலைப் பார்த்ததும் பெமாவுக்கு விளங்கிவிட்டது.

"'சொல்லியிருந்தா அன்னைக்கே வெளக்கேத்திருப்பாங்க. எல்லாரும் என்ன மிருகம்னுதான் கேட்டாங்க. யாரு தச்சதுன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் பேசாம இருந்துட்டேன்'ங்குது, பாய்."

பெரியப்பா தலை குனிந்துகொண்டார். தாவா எழுந்து போய்க் கழுதை கட்டியிருந்த இடத்தில் சுவரைப் பார்த்து நின்றான். செத்த நேரம் கழித்துப் பின்னால் போனேன்.

"தெரிஞ்சேதான் இருந்திருக்கு, பாய். நான் இங்கயே இருந்துர்றேன்னு சொன்னதும், எம் பொழப்பு கெடக் கூடாதுன்னு தண்ணியில போட்டுருச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. என் விரலுக்குத் தெரியாத தோல் வேண்டுமென்று நான் அந்த வாளியின் முன்னால் உட்கார்ந்து அல்லாவிடம் துஆ கேட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை விளக்கேற்றினார்கள். நூற்றெட்டு வெண்ணெய் விளக்கு, வீட்டுக்கு ஒருவராக வந்து ஏற்றினார்கள். எனக்கும் திரியை நீட்டினார்கள். நான் ஒதுங்கி நின்று என் முறையில் தாவாவின் அப்பாவுக்காகத் துஆ கேட்டுக்கொண்டேன். தோலைப் பெமா பெட்டியில் திரும்ப வைக்கவில்லை. தன் மேலங்கிக்குள் நெஞ்சுப் பக்கமாக வைத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் திண்டுக்கல்லுக்குக் கிளம்பினோம், மூன்று பேராக. ஒரு மூட்டை துணி, ஒரு மாவுச் சல்லடை, அவ்வளவுதான் பெமா எடுத்துக்கொண்டது. முற்றத்தில் இறங்கியவர் திரும்ப உள்ளே போய் உப்பு டப்பாவின் பக்கத்தில் இருந்த பூட்டை எடுத்துவந்தார். பெரியப்பா முந்தின நாளே ஒரு நாதாங்கி அடித்துவைத்திருந்தார். பெமாவுக்குப் பூட்டத் தெரியவில்லை. சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று காட்டினேன். பூட்டிவிட்டு, நம் ஊரில் செய்வதைப் போலவே, ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

பிறகு சாவியைப் பெரியப்பாவின் கையில் வைத்து, அவர் விரல்களை மடக்கி மூடி, மெதுவாக ஏதோ சொன்னார்.

தாவா என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"'வந்தா குடுங்க'ங்குது, பாய்."